அபூ முன்திரின் மீசைச் சபதம்

“நம்ம மையத்துச் சுவத்துல வெளிநாட்டான் கை பட்ட ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி, அடுத்த கோடையைப் பாத்துச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!”

அபூ முன்திர் இப்படி முழங்கியது, முகாம் வாசலில் நிற்கும் அபூ ரபாஹ்வின் காப்பி வண்டிக்கு முன்னால், நான்கு சாட்சிகளை வைத்துக்கொண்டு. சாட்சிகளில் இருவர் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காது மந்தம். ஆனாலும் சபதம் சபதம்தான். எங்கள் முகாமில் ஒருவன் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தால், கொஞ்சம் யோசித்துத்தான் நம்புவோம். மீசைமேல் செய்தால் உடனே நம்புவோம். தாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மீசையை எங்கே ஒளிப்பது?

அதிலும் அது சாதாரண மீசை இல்லை. சோதனைச் சாவடிச் சிப்பாய்கள் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. மீசையைப் பார்த்ததும் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார்கள்.

இந்த மாமனிதரின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அது சுருக்கமாகத்தான் இருக்கிறது. சூர் நகருக்குத் தெற்கே உள்ள எங்கள் அகதி முகாமில், தகரக் கூரைக்கு அடியில் பிறந்தார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் ஸஃபூரியா என்பார். அந்த ஊரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா, ஊர் பறிபோனபோது, பதினாறு வயதில் ஒரு கழுதையோடு அங்கிருந்து கிளம்பியவர். இருபத்தொரு வயதில் அபூ முன்திர் நில அளவையில் பட்டயம் வாங்கினார். வகுப்பில் முதல் ஆள். அதற்குப் பரிசாக, தோல் உறையில் சுருண்டு கிடக்கும் முப்பது மீட்டர் எஃகு நாடா ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் விவரம் தெரிந்தது. இந்த நாட்டில் நிலம் அளக்கத் தொழிற்சங்கத்தில் பெயர் இருக்க வேண்டும். சங்கத்தில் பெயர் ஏற இந்த நாட்டுக்காரனாக இருக்க வேண்டும். ஆக, அபூ முன்திருக்கு அளக்கத் தெரியும், ஆனால் அளக்கக் கூடாது. அளப்பதற்கு நிலமும் இல்லை என்பது வேறு கதை.

நாடா ஒரு ஹல்வா டப்பாவுக்குள் போனது. வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, எண்ணெய் தடவித் துடைத்து, மறுபடி தூங்கவைப்பார். பிள்ளைக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை என்று அவர் மனைவி ஹுஸ்னிய்யா சொல்வாள். மற்றபடி ஆரஞ்சு பறித்தார், ஓடு பதித்தார், கடைசியில் நர்ஜிஸ் சிறுவர் மையத்தில் காவலாளியாகச் சேர்ந்தார். மூன்று கடமைகள்: பூட்டுவது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, வருஷா வருஷம் மே மாதத்தில் முற்றத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது. இந்த மூன்றாவது கடமையிலிருந்துதான் அவருடைய தத்துவம் பிறந்தது.

ஜூலை பிறந்தால் தொண்டர்கள் வருவார்கள். பதினான்கு பேர், பதினான்கு தொப்பிகள், ஒரே நிறத்தில் சட்டைகள். சட்டையின் முதுகில் ‘நம்பிக்கை’ என்று அரபியில் அச்சடித்திருக்கும். எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பின்னிருந்து முன்னாகப் போகும். எங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சுவரோரமாய்ப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். முதல் நாள், தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகளைப் படமெடுத்துவிட்டு அழுவார்கள். இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் தப்கே ஆட்டம் கற்றுக்கொள்வதாகச் சொல்லி ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். நான்காம் நாள் சுவர்.

சுவரில் ஒரு புறா, விட்டுவந்த வீட்டுக்கு ஒரு சாவி, ஓர் ஒலிவ மரம், சுற்றிலும் பிள்ளைகளின் கைத்தடங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் மறுபடி அழுகை. “நாங்க குடுத்ததைவிட நீங்க எங்களுக்குக் குடுத்ததுதான் அதிகம்” என்பார்கள். அது மட்டும் சத்தியமான வார்த்தை. ஆளுக்கு ஒரு பை ஸஅத்தர் மூலிகைப் பொடி, ஒரு புட்டி ஒலிவ எண்ணெய், வீட்டுப் பெண்கள் ஒரு குளிர்காலம் முழுக்கத் தைத்த பூவேலைத் துணி என்று, அவர்கள் பெட்டியை மூட முட்டியால் அழுத்த வேண்டியிருக்கும். “அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்!” என்று வண்டி ஜன்னலிலிருந்து கத்துவார்கள்.

பதினொரு கோடையில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. புதிய பதினான்கு பேர் வருவார்கள். அவர்களுக்கும் புறா வரைய வேண்டும். புறா வரைய வெற்றுச் சுவர் வேண்டும். ஆகவே மே மாதம் மையத்தின் இயக்குநர் உஸ்தாத் பஹ்ஜத், கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டு உத்தரவு போடுவார்: “அபூ முன்திர், சுவத்தைத் தயார் பண்ணிடுங்க. திட்டத்துல ‘சுவரோவியம்’னு இருக்கு.” அபூ முன்திர் பழைய புறாவைக் கொல்வார். பதினொரு புறாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, சுவர் அரை விரல் தடித்துவிட்டது.

பிள்ளைகளும் தொழில் தெரிந்தவர்கள்தான். கைஸுக்குப் பதினொரு வயது, ஆறு கோடை அனுபவம். ஐந்து மொழிகளில் ‘உன்னை நேசிக்கிறேன்’ சொல்வான். படமெடுக்க யாராவது கைபேசியைத் தூக்கினால், சிரிப்பை நிறுத்திவிட்டுத் தூரத்தைப் பார்ப்பான். “சோகமாப் பாத்தாத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்” என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் வேறு எடுப்பான்.

போன கோடையில் வந்த பதினான்கு பேரில் ஒருத்தி, மாரித். நார்வேக்காரி. அவளைப்போல் உதவாக்கரையை அபூ முன்திர் தன் அனுபவத்தில் கண்டதில்லை. பாட வராது, ஆட வராது, பந்து எறிந்தால் பக்கத்துக் கூரைக்குப் போகும். இரண்டே நாள் வெயிலில் வெந்த நண்டுபோல் சிவந்துவிட்டாள். அவளைப் புறா வரையக் கூப்பிட்டார்கள். அவள் வரைந்தது வாத்தாக வந்தது. அதன் பிறகு நிழல் தேடி முற்றத்துக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கடவுள் அவளுக்குக் கொடுத்தது உயரம் ஒன்றைத்தான். பிள்ளைகள் வந்து அவளோடு ஒட்டி நின்று, தங்கள் தலை அவளுக்கு எங்கே வருகிறது என்று பார்த்தார்கள். அவள் ஒரு பென்சிலை எடுத்து, ருவைதா என்ற ஏழு வயதுப் பெண்ணைக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கோடு போட்டாள். ஸ்கேலை வைத்து அளந்து, பக்கத்தில் உயரமும் பெயரும் எழுதினாள். எந்த ஊர் என்று கேட்டாள். “லூபியா” என்றாள் ருவைதா, பிறந்ததிலிருந்து முகாமைத் தாண்டாதவள். அதையும் எழுதினாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு கோடுகள், முப்பத்தொரு பெயர்கள், வரைபடத்தில் இல்லாத ஒன்பது ஊர்கள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பார்த்த அபூ முன்திருக்கு நெஞ்சு எரிந்தது. அன்று மாலையே காப்பி வண்டியில் புலம்பினார்.

“ஸ்கூல் ஸ்கேலுய்யா! முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை நாலு தரம் வச்சு வச்சு ஆளை அளக்குறா! ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் தப்பு. நாலு தடவைக்கு நாலு தப்பு!”

“உன்கிட்டதான் நாடா இருக்கே, குடுத்திருக்கலாமே?” என்றார் அபூ ரபாஹ், காப்பியை ஊற்றிக்கொண்டே.

“எதுக்கு? நாளான்னிக்கு அவ விமானம் ஏறிடுவா. அடுத்த வருஷம் வந்து அளப்பேன், அதுவரைக்கும் யாரும் அளந்து பாக்காதீங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்றா. வருவாளா? வருவா, வருவா, கழுதைக்குக் கொம்பு முளைக்கிற அன்னிக்கு வருவா!”

அந்தச் சூட்டில்தான் மீசைச் சபதம் பிறந்தது.

குளிர்காலம் வந்து, சந்துகளில் சேறு தேங்கி, போயிற்று. ருவைதா மட்டும் அளந்து பார்க்கவில்லை. அவள் வயதுப் பிள்ளைகளில் அவள்தான் குட்டை. “நீ வளரவே மாட்டே. உங்க குடும்பமே உப்பு ஜாடி குடும்பம்” என்பது கைஸின் தினசரி ஆசீர்வாதம். “கோடு சொல்லும்டா” என்பாள் அவள். மார்ச் மாதமே வந்து அபூ முன்திரின் காலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய ஆண்கள் எல்லாரும் ‘அம்மோ’, அதாவது சித்தப்பா.

“அம்மோ, இந்த வருஷமும் வெள்ளையடிப்பியா?”

“அடிப்பேன்.”

“கதவுக்குப் பின்னாடியுமா?”

“கதவுக்குப் பின்னாடி இருக்கிறதும் சுவருதானே?”

“அங்க யாருமே பாக்க மாட்டாங்களே, அம்மோ.”

“சத்தியம் பண்ணியிருக்கேன், போ.”

“எது மேல?”

அவர் மீசையைத் தொட்டுக் காட்டினார். ருவைதா அதை உற்றுப் பார்த்தாள். “அது திரும்ப முளைக்குமே” என்றாள்.

மே மாதம் இரண்டாம் வாரம் உஸ்தாத் பஹ்ஜத் கூப்பிட்டார். புதிய குழு உறுதியாகிவிட்டது. ஜூலை மூன்றாம் தேதி வருகிறார்கள், பதினான்கு பேர். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை.

“அந்த நெட்டை?” என்று கேட்டார் அபூ முன்திர், தலையைச் சொறிந்தபடி.

“யாரு? ஓ, வாத்துக்காரியா. அவளுக்கு வேலை கிடைச்சிடுச்சாம். லீவு இல்லியாம். இந்தத் தடவை சுவர் மூலை முடுக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும், அபூ முன்திர். பெரிய புறாவாம்.”

உலகத்தில் ஒரு மனிதன் சொன்னது அப்படியே பலித்தால் எவ்வளவு ஆனந்தம்! அபூ முன்திர் காப்பி வண்டிக்குப் போய், “சொன்னேனா?” என்று ஆறு தடவை கேட்டார். காது மந்தமானவருக்கு ஏழாவது தடவையும் சொன்னார். திரும்பும் வழியில் ருவைதா எதிர்ப்பட்டாள். அவளிடமும் அந்த இனிப்பைப் பரிமாறினார்.

“உன் நெட்டைக்காரி வரலடி.”

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதால் தட்டிக்கொடுக்க ஒரு கை தயாராகக்கூட இருந்தது. அவள் அழவில்லை.

“வராட்டி என்ன? அவ வரலைன்னா நான் வளராமப் போயிடுவேனா?” என்றாள். “கோடு இருக்குல்ல, அது போதும். அளக்க ஒரு ஆளுதான் வேணும்.” அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். “உனக்கு அளக்கத் தெரியுமா, அம்மோ?”

வகுப்பில் முதல் ஆளாகத் தேறியவர் நடையைக் கூட்டினார்.

மறுநாள் காலை ரோலரையும் இரண்டு வாளி வெள்ளையையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். புறா போயிற்று. சாவி போயிற்று. ஒலிவ மரம் மூன்றே இழுப்பில் போயிற்று. கைத்தடங்கள் அறுபதும் போயின. வாத்து போனபோது வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நடுப்பகல் தொழுகை அழைப்பு கேட்டபோது அவர் கதவை எட்டியிருந்தார். கதவை இழுத்து நகர்த்திவிட்டு, அந்த முப்பத்தொரு கோடுகளுக்கு முன்னால், கையில் சொட்டும் ரோலரோடு நின்றார். வெள்ளை சொட்டிச் செருப்பெல்லாம் நனைந்தது. கோடுகளில் பாதி கோணல். எதிர்பார்த்ததுதான்.

சாயங்காலம் உஸ்தாத் பஹ்ஜத் மேற்பார்வைக்கு வந்தார். சுவர் முழுவதும் பளிச்சென்றிருந்தது. கதவுக்குப் பின்னால் மட்டும் இரண்டு சாண் அகலத்துக்கு, தரையிலிருந்து ஆள் உயரம்வரை பழைய அழுக்குப் பட்டை ஒன்று நின்றது.

“இது என்ன?”

“ஓதம், உஸ்தாத். உள்ள ஈரம் ஏறியிருக்கு. பெயின்ட் பிடிக்காது. அடிச்சாச் செதில் செதிலா உரிஞ்சுடும்.”

“மத்த இடத்துலெல்லாம் பிடிச்சிருக்கே?”

“தொழில் விஷயம், உஸ்தாத். சொன்னாப் புரியாது.”

தொழில் விஷயம் என்றால் உஸ்தாத் பஹ்ஜத் உடனே ஒப்புக்கொள்வார். எந்தத் தொழிலும் அவருக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஹுஸ்னிய்யா ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தவள், பின்கட்டுக் கண்ணாடிக்கு முன்னாலிருந்து திரும்பிய கணவரைப் பார்த்து மாவுக் கையோடு எழுந்துவிட்டாள்.

“ஐயோ, யாரு செத்துட்டா?”

“யாரும் சாகல. வெயில்.”

“முப்பது வருஷமா அடிக்காத வெயில் இன்னிக்கு அடிச்சிடுச்சா?”

அவர் பரணிலிருந்து ஹல்வா டப்பாவை இறக்கினார். மையத்துக்குப் போகக் காப்பி வண்டியைக் கடந்துதான் போக வேண்டும். கடந்தார். சொக்கட்டான் நின்றது. அபூ ரபாஹ் ஒரு கோப்பையை நிரப்பினார். அது வழிந்து தட்டில் ஓடியது, அவர் கவனிக்கவில்லை. காது மந்தமானவர் மட்டும், “யாருப்பா இந்தப் புது ஆளு?” என்று கேட்டார்.

மையத்தின் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. கைஸ் கடைசியில், அலட்சியமாக, வரிசையில்தான் நின்றான். அபூ முன்திர் தோல் உறையிலிருந்து நாடாவை உருவினார். முப்பத்து மூன்று வருஷம் எண்ணெய் குடித்த எஃகு, சத்தமில்லாமல் வந்தது. அதன் நுனியைத் தரையில் ஊன்றி, செங்குத்தாக ஒரு கண்ணை மூடிப் பார்த்து, காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

முதலில் ருவைதா. சுவரில் முதுகை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.

“அம்மோ, மீசை எங்கே?”

“நேரா நில்லு,” என்றார் அபூ முன்திர். “குதிகாலைத் தூக்காதே.”