மின்ஸ்க் நகரில் நான் தள்ளிய பஸ்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இது சட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். சாய்ந்தமருது முஸ்லிம்களையும் பாண்டிருப்புத் தமிழரையும் தோளோடு தோள் சேர்ப்பதற்கென்று எத்தனையோ கூட்டம் போட்டு, தேநீரும் ரோல்ஸும் கொடுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. ஆனால் காரைதீவுச் சந்தியில் ஒரு பஸ் நிற்கட்டும், அதன் பின்பக்கத்தில் ஒற்றுமை பொங்கி வழியும். தள்ளுகிறவர் நாலு பேர் என்றால், "இப்ப கியரப் போடுங்க!" என்று கட்டளை போடுகிறவர் பத்துப் பேர். நான் இரண்டு கூட்டத்திலும் இருப்பேன்.

போன கிழமை அப்படி ஒரு பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"என்ன காக்கா, ஏலாதா?" என்று அண்ணன் முறை வைத்து ஒருவர் கேட்டார்.

ஏலும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் மின்ஸ்க் நகரில் ஒரு பஸ்சைத் தள்ளியதோடு அந்தச் சேவையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

மின்ஸ்க் என்பது பெலாரஸ் நாட்டின் தலைநகரம். எங்கள் ஒரே மகன் அங்கேதான் டாக்டருக்குப் படித்தான். பட்டமளிப்புக்கு நானும் மனைவியும் போனோம். "பேரக் கூப்பிடக்குள்ள உம்மா வாப்பா எழும்பி நிக்கணும். அது இஞ்சத்த முறை," என்று மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். எழும்பி நிற்பதில் என்ன இருக்கிறது? ஆனாலும் ஊரிலேயே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நாற்பது தரமாவது எழும்பி நின்று பார்த்தேன். ஆறு வருடமாக நான் காத்திருந்தது அந்த அரை நிமிடத்துக்குத்தான்.

அன்று ஒத்திகை இருந்ததால் மகன் வெள்ளெனவே போய்விட்டான். எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: வாசலில் ட்ரொலிபஸ் ஏறுங்கள், ஏழாவது தரிப்பில் இறங்குங்கள். கூரையில் இரண்டு நீண்ட கொம்புகளை வைத்துக்கொண்டு, வீதிக்கு மேலே ஓடும் மின்கம்பியைத் தொட்டபடியே போகும் பஸ் அது. நான் முப்பது வருடம் மின்சாரக் கந்தோரில் மீட்டர் வாசித்தவன். அந்தக் கம்பியைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டது போல இருந்தது. மனைவியிடம், "என்ட கைய விட்டுராத புள்ள. உனக்குப் பாசையும் தெரியா, பாதையும் தெரியா," என்றேன். எனக்கும் இரண்டும் தெரியாது என்பதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

நாலாவது தரிப்பைத் தாண்டி ஒரு வளைவில் கொம்பு கம்பியிலிருந்து கழன்றது. பஸ் நின்றது. சாரதி ஒரு பெண். கையுறையை மாட்டிக்கொண்டு சாவகாசமாக இறங்கினாள். பயணிகள் ஒருவரும் அசையவில்லை. தங்கள் பாட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொம்பிளை தனியாகக் கஷ்டப்பட, இத்தனை ஆம்பிளைகள் குந்திக்கொண்டிருக்கிறார்களே! மனைவியின் கையை நானே உதறிவிட்டு இறங்கினேன்.

சாரதிப் பெண் பின்பக்கத்தில் நின்று, கயிற்றை இழுத்துக் கொம்பைக் கம்பியில் மாட்டினாள். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையையும் பஸ்சில் ஊன்றினேன். அவள் ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று தலையாட்டினேன். அவள் முன்னுக்குப் போய் ஏறினாள். எங்கள் ஊர்ப் பஸ் என்றால் இருமும், புகை கக்கும், உறுமும். அதற்குப் பிறகும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள நேரம் இருக்கும். அந்த உறுமலை எதிர்பார்த்துக்கொண்டே தள்ளினேன். சத்தமே இல்லாமல் பஸ் நழுவியது. அவ்வளவு பெரிய பஸ்சை ஒற்றை ஆளாகத் தள்ளிவிட்டேன் என்று ஒரு கணம் பெருமைப்பட்டதை ஒளிக்கமாட்டேன். பிறகுதான் பின் கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது. அழைப்பிதழ், தொலைபேசி, மகனுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் இனிப்பு, எல்லாம் அவள் மடியில் இருந்தன.

கல்முனைக் கடைத்தெருவுக்கே தனியாகப் போகாதவள் அவள். அடுத்த பஸ்சைப் பிடித்திருக்கலாம், யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கம்பி தலைக்கு மேலே இருக்கும்போது மீட்டர் வாசித்தவன் வழி கேட்பதா? அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சந்தியில் கம்பி இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் கம்பி கூடுதலோ அந்தப் பக்கம்தான் முக்கியமான இடம் இருக்கும் என்று என் முப்பது வருட அனுபவம் சொன்னது. அதை நம்பி முக்கால் மணித்தியாலம் நடந்து, ட்ரொலிபஸ்கள் கொம்பை மடக்கிக்கொண்டு வரிசையாகத் தூங்கும் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காவலாளியிடம் "டாக்டர், டாக்டர்" என்றேன். அந்த நல்ல மனிதர் என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, நாடி பிடித்துப் பார்த்தார். பேர்சில் இருந்த மகனின் படத்தைக் காட்டி, தலையில் பட்டத் தொப்பி வைப்பது போல நடித்த பிறகுதான் அவருக்கு விசயம் விளங்கியது. சரியான பஸ்சில் ஏற்றிவிட்டார்.

நான் போனபோது மண்டபம் காலியாகிவிட்டிருந்தது. வாசல் படியில் மகன் அங்கியோடு நின்று தொதல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவியும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணின் கையிலும் தொதல். பஸ்சில் மனைவி அவளிடம் அழைப்பிதழை நீட்டியிருக்கிறாள். அவள் கையோடு கூட்டிவந்து மண்டபத்தில் இருத்தியிருக்கிறாள். அவ்வளவு லேசான வேலை.

எனக்கு அழுகை வந்தது. "பேரக் கூப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"கூப்பிட்டாங்க. நான் ரெண்டு தரம் எழும்பி நிண்ட நான். ஒருக்கா எனக்கு, ஒருக்கா உங்களுக்கு. ரெண்டாந்தரம் எழும்பக்குள்ள பின்னால இருந்த ஆள் என்னமோ ஏசினாரு. எனக்குத்தான் பாசை தெரியாதே."