திண்டிவனம் விழுந்த ஞாயிறு

போன ஞாயிறு மாலை 4.20-க்குத் திண்டிவனம் விழுந்தது. நேரம் டைரியில் இருக்கிறது.

பதற வேண்டாம்... கம்ப்யூட்டர் விளையாட்டில்தான்.

என் தங்கை சுமதியும் அவள் கணவர் செல்வமும் திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் ஷட்டர் பாதி இறங்கியதும், கடைக் கம்ப்யூட்டர் எனக்கும் மாப்பிள்ளைக்கும். அதற்காகவே விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிவிடுவேன். இந்த வயதில் இது தேவையா? கேட்காதீர்கள்.

விளையாட்டு இதுதான். ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஓர் ஊரில் ஆரம்பித்து, சாம்ராஜ்யம் கட்ட வேண்டும். தலைவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குணங்கள். ஒருவரிடம் புது ஊருக்குக் குடிபோகும் கூட்டம் சீக்கிரம் தயாராகும். இன்னொருவருக்கு ஊரின் எல்லை தானாக விரியும். வேறொருவருக்கு நிர்வாகச் செலவு குறையும். நல்ல நிலத்தை ஆரம்பத்திலேயே பிடிப்பவர் கைதான் பிறகு ஓங்கும். அப்படியானால், எந்தக் குணத்தோடு எந்தக் குணம் சேர வேண்டும்?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நோட்டு போட்டேன். இதுவரை பதினாறு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு கட்டங்கள் — தலைவர் யார், குணம் என்ன, எந்த ஊர் எத்தனையாவது டர்னில், அதாவது எங்கள் எத்தனையாவது முறையில், வந்தது... எல்லாம் சிவப்பு, நீல மையில்.

மாப்பிள்ளையின் கட்சி, வேகத்தோடு வேகம். குடிபோகும் கூட்டமும் சீக்கிரம், நிலத்தைத் திருத்தும் வேலையாட்களும் சீக்கிரம். என் கட்சி, வேகத்தோடு விரியும் எல்லை. நோட்டு என்ன சொல்கிறது? அவர் ஜோடிக்கு ஆறாவது ஊர் ஏழெட்டு டர்ன் முந்திவிடுகிறது. ஆனால் ஊர்கள் கட்டைவிரல் அகலத்திலேயே நின்றுவிடுகின்றன. நடுவில் கிடக்கும் நிலத்தைப் பக்கத்து ராஜா சாப்பிட்டுவிடுகிறார்.

"நீங்க எழுதிக்கினே இருங்க மச்சான். நான் புடிச்சிக்கினே போறேன்" என்பார் மாப்பிள்ளை.

நிஜத்திலும் அவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரம் ஓர் இடம் காலி. அங்கே இரண்டாவது கடை. அதில் சுமதி உட்கார வேண்டும். இடத்துக்காரருக்குத் திங்கள் காலை பதில் சொல்ல வேண்டும். சுமதியிடம் கேட்டாரா? சொன்னதோடு சரி, கேட்கவில்லை. நான் கேட்டேனா? நானும்தான் கேட்டதில்லை. 'அவர் வேகம், அவள் ஒழுங்கு, நல்ல ஜோடி' என்று தலையாட்டிவிட்டு நோட்டைப் பிரித்துவிட்டேன்.

அந்த ஞாயிறு சுமதி பக்கத்து மேஜையில் விண்ணப்பப் படிவங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"அக்கா கீதா?" சுமதி இருக்கிறாளா என்று கேட்கிறார்.

"நான் கீறனே, சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

"வருமான சர்ட்டிபிகேட்டுக்கு இன்னா இன்னா வைக்கணும்னு கேக்கணும். பரவால்ல, அக்காவாண்டயே கேட்டுக்கறேன்."

சுமதி எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் ஊர்களுக்கு நாங்களே பெயர் வைப்போம். தலைநகரம் திண்டிவனம். அடுத்து மயிலம், மரக்காணம், கோலியனூர், விக்கிரவாண்டி. ஆறாவதாகக் கூட்டேரிப்பட்டு, ஆற்றங்கரையில், அருமையான இடம். குடிபோகும் கூட்டம் தயார். துணைக்குப் போக வீரன் இல்லை. திண்டிவனத்தில் ஒரே ஒரு வில்வீரன் நின்றிருந்தான்.

"அவனை எடுக்காதீங்க மாப்பிள்ள."

"ரெண்டே டர்ன் மச்சான். ஜல்தியா உட்டுட்டு வந்துடுவான்."

கூட்டேரிப்பட்டு உருவானது. நான் நீல மையில் டர்ன் எண்ணைக் குறித்து நிமிர்வதற்குள், காட்டிலிருந்து கோடரியோடு இரண்டு பேர் வந்தார்கள். காலியாகக் கிடந்த தலைநகரத்துக்குள் நடந்தே போனார்கள்.

"அய்யோ... பேஜாராப் போச்சே!"

மாப்பிள்ளையின் அலறலில் சுமதி எட்டிப்பார்த்தாள். அவளுக்கு இந்த விளையாட்டு தெரியாது.

"இன்னா ஆச்சு?"

"திண்டிவனம் போச்சு."

"அங்க யாரு காவல் இருந்தாங்க?"

"ஒர்த்தன் இருந்தான். கூட்டேரிப்பட்டுக்கு அனுப்பிட்டேன்."

சுமதி படிவக் கட்டைத் தட்டி நேராக்கினாள். "என்னையும் அங்கதான அனுப்பப் போறீங்க?" என்றாள். "இங்க நாளைக்கு 'அக்கா கீதா'ன்னு வந்தா, யாரக் கூப்புடுவீங்க?"

மாப்பிள்ளை மவுஸை விட்டார்.

"நீ அங்க போவ வேணாம். நான் போறேன்" என்றார்.

"போயி? எந்த ஃபாரத்துக்கு எத வைக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப குந்துங்க. மொதல்ல கத்துக்குங்க."

திங்கள் காலை இடத்துக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறார். இடம் நிற்குமா என்று தெரியாது. இப்போது தினமும் மதியம் சுமதி சொல்ல, மாப்பிள்ளை எழுதிக்கொள்கிறாராம். நோட்டு போட்டு!

எனக்கு உறுத்துவது வேறு. பதினாறு ஆட்டம், ஏழு கட்டம். தலைவரும் குணமும் போக, மற்றதெல்லாம் புது ஊர் எப்போது வந்தது என்று கேட்கும் கட்டங்கள்தான். பழைய ஊரில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூடப் போடவில்லையே, ஏன்? குணங்களைத் தராசில் நிறுத்துப் பார்த்தவனுக்கு, பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள் கண்ணில் படவில்லை.

எட்டாவது கட்டம் போட்டுவிட்டேன்: 'காவல்'.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். மடித்துக் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரி. வாராவாரம் ஞாயித்துக்கிழம விழுப்புரத்துக்கு யாரு காவல்?"