விண்கப்பல் கண்ணாடியில் விரல் அழுக்கு

வெளியில் சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் விண்கப்பலை இறக்கிய பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன். என் லோரியும் அப்படித்தான் சத்தம் போடும்.

இன்று பண்டார் ஹிலிரில் நாள் முழுக்கச் சாமான் இறக்கிவிட்டு, இடுப்பு விட்டுப்போய் காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, என் தையல் மிஷினுக்கு இடமே இல்ல. அந்தக் கம்ப்யூட்டர என் தம்பிக்குக் குடுத்துடலாம்."

"ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாரு. பிடிக்கலன்னா நானே தூக்கிட்டுப் போறேன்."

"பகலெல்லாம் லோரி ஓட்டிட்டு, இங்கயும் லோரிதானா?"

"இது பறக்குற லோரி லா."

உட்கார்ந்தாள். சூரியன் மறைந்ததும் கப்பல் கண்ணாடியில் பனி படிவதைக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். கப்பல் குலுங்கும்போது அதற்குள் இருக்கும் கோப்பையில் கோப்பியும் ஆடுவதைக் காட்டினேன்.

"கொட்டுனா யாரு தொடைக்கிறது?" என்றாள்.

கம்ப்யூட்டர் தம்பிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்வெளி நிலையத்தை நெருங்கியபோது வெயில் அடித்தது. கப்பல் கண்ணாடியில் விரல் பட்ட அழுக்கு தெரிந்தது. அதையும் விளையாட்டிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அவள் எழுந்து போய் ஈரத்துணியோடு வந்து ஸ்கிரீனைத் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

"இங்கயே இப்படி இருக்கு, தம்பி வீட்டுல இத எவன் தொடைப்பான்? இங்கயே கெடக்கட்டும்."

துணியின் மறுமுனை கீபோர்டை அழுத்திக்கொண்டிருந்தது. கப்பல் நிலையத்தின் சுவரில் மோதி, சரக்கோடு வெடித்தது. ஸ்கிரீன் சுத்தமாக இருக்கிறது.