லேசரும் ஆபரேஷன்தான்

வலது கண்ணில் புரை என்று தெரிந்ததும் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். மகளை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு ஓசூர் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போகவேண்டும். எதிர்வெளிச்சமோ கண்ணுக்குள் சிதறியது. இந்த வயதில் புரையா என்று எல்லோரும் கேட்டார்கள். சிலருக்குச் சீக்கிரமே வரக்கூடும் என்றார் டாக்டர். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டால் பழையபடி ஓட்டலாம் என்றார். சரியாக வராவிட்டால்? அந்தக் கேள்வியோடுதான் அளவெடுக்கப் போனேன்.

அளவெடுக்கும் பெண் கேட்டார். "முன்ன ஏதாச்சும் ஆபரேஷன் ஆயிருக்காக்கா?"

"சிசேரியன் மட்டும்தாங்க."

"நான் கண்ணைக் கேட்டேன்க்கா," என்று சிரித்தார்.

"கண்ணுல ஒண்ணுமில்ல."

கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் கண்ணுக்கு லேசர் செய்துதான் மைனஸ் பவர் கண்ணாடி போடுவதை விட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் ஆபரேஷன் என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் யார் அந்தச் சொல்லை வாயில் எடுப்பார்கள்? "சும்மா லேசர் வெச்சாங்க" என்பார் அம்மா. நானும் அப்படியே நினைத்துவிட்டேன்.

கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு வந்த கணவர், "எல்லாம் சொல்லிட்டியா?" என்றார். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர் அவர்.

"சொல்லிட்டேன். லேசரை மட்டும் சொல்லல. அது ஆபரேஷன் இல்லையே?"

"எங்க கம்பெனில தகட்டுல ஒரு ஓட்டை போட்டாலே அது ஒரு ஆபரேஷன். லேசர்ல வெட்டுனா அதுவும் ஆபரேஷன். உங்க வீட்டுல மட்டும் கணக்குல வராதா? எந்திரி தாயே!"

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"அய்யோ அக்கா, இதத்தான மொதல்ல சொல்லணும்!" என்று அந்தப் பெண் என்னை டாக்டரிடம் அழைத்துப்போனார். லேசர் கருவிழியின் முன்பக்கத்தைத் தட்டையாக்கியிருக்கும், வழக்கமான கணக்குக்கு அது தெரியாது, தேவையைவிடக் குறைந்த பவரைச் சொல்லிவிடும் என்று டாக்டர் விளக்கினார். பழைய ரிப்போர்ட் என்னிடம் இல்லை.

"இல்லாட்டியும் பாத்துக்கலாம்மா. லேசர் பண்ண கண்ணுக்குன்னே வேற கணக்கு இருக்கு. ரெண்டு மூணு விதமாப் போட்டுப் பாப்போம். கொஞ்சம் முன்னபின்ன ஆவலாம், பெருசாத் தப்பாது."

மறுபடியும் அளந்தார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று ஆபரேஷன் நாள்வரை கணவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடந்த முதல் பரிசோதனையிலேயே, எழுத்துப் பலகையில் கீழ்வரிகள் தெரிந்தன. படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். மற்றபடி கணக்கு சரியாக வந்திருக்கிறது என்றார் டாக்டர். "நிஜமாவா சார்?" என்றேன்.

"படிச்சுக் காட்டுனது நீ. அவரைப் போய்க் கேக்கற," என்றார் கணவர்.

டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு காலையில் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"அம்மா, சைக்கிள்கூட நம்மள முந்திடுச்சு!"

"முந்தட்டும் கண்ணு."

சிக்னலில் முன்னால் ஒரு கர்நாடக லாரி நின்றது. அதன் பின்பக்கம் எழுதியிருந்த கன்னட எழுத்துகளின் ஒவ்வொரு வளைவும் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் படிக்கத்தான் தெரியவில்லை.