பெட்டியை எழுப்ப அரை நிமிஷம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒரு வசதி, நோயாளிக்கு வாய் கிடையாது. ஒரு கஷ்டம், நோயாளியைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் வாய் உண்டு. பவர் பட்டனை அமுக்கிவிட்டு, வருமா வராதா என்று கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்திருக்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

திருப்பூரில் நான் ஸ்க்ரூ டிரைவர் பையோடு பைக்கில் அலைந்த காலம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி, அதில் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கிற சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். வேறு எதில் ஏற்றினாலும் முரண்டு பிடிக்கும். அந்தப் பெட்டியோடு நான் பட்ட ஒரு வாரப் பாட்டைக் கேளுங்கள்.

தூங்கினால் வேலை போகும்

கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். அதற்குள் ஹைபர்னேட் போட்டுவிட்டால், திறந்து வைத்திருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு சிஸ்டம் அணைந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த வித்தையை அங்கே சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நான்தான். திங்கட்கிழமை காலை போன் வந்தது. சனிக்கிழமை அணைந்தது அணைந்தபடியே கிடக்கிறதாம்.

ஓடினேன். முதலாளி சென்னியப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் ஆறுதல் அடைகிற ஆளா? மூன்று லைன் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, எங்க அயர்ன் மாஸ்டர் தூங்குனா எழுப்பி ஊட்டுக்கு அனுப்பிப் போடுவனுங்க, இதைய எங்கீங்க அனுப்பறது?"

எஸ்தர் கை வைத்தால்

அன்றைக்கு அதை எழுப்பியது நான் இல்லை, எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பேக்கிங் செக்‌ஷனில் ஸ்டிக்கர் அடிக்கிற பெண். பின்னால் இருக்கிற பவர் ஒயரைப் பிடுங்கினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஒயரைச் சொருகிப் பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது, திரை வெளுத்தது, சனிக்கிழமை விட்ட பெட்டி நம்பரில் கர்சர் ஒன்றுமே நடக்காதது மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி தூங்கவைத்து, அவள் செய்ததை அப்படியே செய்தேன். ம்ஹூம். கட்டிங் மாஸ்டர் செய்தார். ம்ஹூம். எஸ்தர் வந்தாள், எழுந்தது.

எனக்கு மானம்தான் போயிற்று. அவளுக்குப் போகவிருந்தது அதைவிடப் பெரிது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்று லீவு தள்ளிப்போய் இரண்டு வரன் கைநழுவியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் மூன்றாவதும் போய்விடும். முதலாளி கல்நெஞ்சக்காரர் இல்லை. "போகோணுங் கண்ணு, ஆரு வேண்டாங்கறா? வேற ஆராச்சும் பொட்டிய எழுப்பிக் காட்டட்டும், அந்த நிமிசமே போ" என்று சொல்லியிருந்தார். எஸ்தர் என்னை அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, நீங்க இத சரி பண்ணலன்னா எனக்குப் பதிலா இதத்தான் சேலை கட்டி ஊருக்கு அனுப்பணும், பாத்துக்கிடுங்க."

உள்ளே ஒரு மில்

செவ்வாய்க்கிழமை முழுக்க ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பலனில்லை. புதன்கிழமை கேபினட்டை முழுசாகத் திறந்தேன். உள்ளே பஞ்சு! மேலே ரோஸ், அதற்குக் கீழே நேவி ப்ளூ, அதற்கும் கீழே வெள்ளை. எந்த மாசம் என்ன கலர் ஆர்டர் ஓடியது என்று அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் பிரஷ்ஷைத் தேடுவதற்குள் கட்டிங் மாஸ்டர் "இதுக்குப் போயி மெனக்கெடறீங்களே" என்று கம்ப்ரஸர் ஏர் கன்னை எடுத்து ஒரே ஊது ஊதிவிட்டார்.

ஊதின பஞ்சு மொத்தமும் எழும்பி, செக்கிங் டேபிளில் மடிக்கத் தயாராக இருந்த வெள்ளைப் பனியன்கள் மேல் ரோஸாக இறங்கியது. செக்கிங் பெண்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நான் பயத்தில் மேஜைக்கு அடியில் ஒயர் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். சிஸ்டம் மட்டும் அசையவில்லை. தலைமுடியிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே செக்கிங் அக்கா கேட்டார்: "ரெண்டு நாளா ரிப்பேரு ரிப்பேருன்னுட்டு, இதுக்குள்ள நீங்க தனியா ஒரு மில்லு ஓட்டறீங்களாக்கு?"

சாமிக்கு அரை நிமிஷம்

வியாழக்கிழமை மர்மம் விளங்கியது. குற்றவாளி எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா. வயசாகிவிட்டதால் கரண்ட் கொஞ்சம் தடுமாறினாலும், சிஸ்டம் ஒரு தடவை அணைந்தாலும் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஒயரைப் பிடுங்கி அரை நிமிஷம் காத்திருந்தால்தான் பூட்டு விடும். நாங்களெல்லாம் அவசரத்தில் ஐந்து விநாடியில் சொருகியிருக்கிறோம். எஸ்தர் ஜெபம் பண்ணியிருக்கிறாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், அவள் ஜெபம் முப்பத்திரண்டு விநாடி! எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சின்னக் கேபினட்டுக்குப் பொருந்துகிற டப்பா கோயமுத்தூரிலிருந்து வரத் திங்கட்கிழமை ஆகும். ஆகவே அதுவரைக்கும் முதலாளியே எழுப்பப் பழகுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மணி நாலேகால். எஸ்தரின் பை ஸ்டிக்கர் ரோலுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறது. முப்பது வரை எண்ணச் சொன்னேன். "எண்ணறதெல்லாம் வேண்டாமுங்க, நானும் சாமியே கும்பிட்டுக்கறேன்" என்று முதலாளி ஒயரைப் பிடுங்கி, "முருகா!" என்று ஒரே சொல்லில் முடித்துச் சொருகிவிட்டார். எப்படி எழும்? எஸ்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் எஸ்தரைப் பார்க்காமல் இருந்தேன். இரண்டாம் தடவை சென்னிமலையில் ஆரம்பித்து, பழனி, மாரியம்மன், கருப்பராயன் என்று வரிசையாகக் கூப்பிட்டு, பாதியில் சரக்கு தீர்ந்து எங்களைப் பார்த்து விழித்தார். "திருச்செந்தூருங்க!" என்றார் கட்டிங் மாஸ்டர். "வேளாங்கண்ணி மாதாவையும் சேத்துக்கிடுங்க மொதலாளி!" என்று எஸ்தர் கத்தினாள். மாதாவையும் கூப்பிட்டுச் சொருகினார், பட்டனை அமுக்கினார், விசிறி சுற்றியது. பேக்கிங் செக்‌ஷனே கை தட்டியது. நான் கட்டிங் மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே அணைத்து அணைத்து மூன்று தடவை எழுப்பினார். கட்டிங் மாஸ்டர் எஸ்தரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்த பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது: "ஏனுங்க தம்பி, எந்தச் சாமியா இருந்தாலும் இதுக்கு அரை நிமிசந்தானுங்களா?"

மாப்பிள்ளை சொன்ன வைத்தியம்

திங்கட்கிழமை காலை கோயமுத்தூர் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது எஸ்தர் போன் பண்ணினாள். மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் வேலையாம். அவளுடைய அப்பா சும்மா இருப்பாரா? எஸ்தரின் தம்பி டைப்பிங் பழக வாங்கின பழைய கம்ப்யூட்டரை முன் ரூமில் துணி போட்டு மூடி வைத்திருந்தவர், வந்தவர்கள் முன்னால் பெருமையாகத் துணியை விலக்கி ஆன் பண்ணியிருக்கிறார். கறுப்புத் திரையில் ஒரு இங்கிலீஷ் வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபது நிமிஷம் தட்டினார். கடைசியில், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஃபார்மேட் பண்ணினால்தான் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காப்பித் தட்டோடு வந்த எஸ்தர், தட்டைக் கீழே வைத்தாள், தம்பி டிரைவுக்குள்ளேயே விட்டு, சிஸ்டத்தை எழவிடாமல் மறித்துக்கொண்டிருந்த ஃப்ளாப்பியை உருவினாள், ஒரு பட்டனைத் தட்டினாள். விண்டோஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக்கூடத் தொடாமல் "பொண்ணு இதுதான்" என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியானால் முடிந்துவிட்டதா? எப்போது கல்யாணம்?" என்று போனிலேயே கத்தினேன். எஸ்தர் சொன்னாள்: "அவியளுக்குச் சம்மதமாம், நாந்தான் ரெண்டு நாள் கேட்டிருக்கேன், உள்ள ஒரு ஃப்ளாப்பி இருக்கான்னு பாக்காம, எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து போடுவோம்னு சொல்லுத மனுசன், நாளைக்கு எங்களுக்குள்ள ஒரு சண்டன்னா என்னண்ணே செய்வாரு?"

அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், 'ஃபார்மேட்' என்ற சொல்லை வாயில் எடுப்பதற்கு முன் நான் ஃப்ளாப்பி டிரைவை ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கும் அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.