இருபத்தேழு பிள்ளைகளும் இருபது வரியும்

நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்குப் போன கிழமை கிடைத்தது. அதுவும் ஒரு கவிதையால்!

சிட்னியின் லிட்கம்மில் எங்கள் ஃபிளாட்டுக்கு மேல்மாடியில் சமீரா குடியிருக்கிறாள். பெய்ரூட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். சண்டை தொடங்கியதும் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். இங்கே இருந்த சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தாள். இப்போது ஒரு தொழிற்சாலையில் தலையணை உறை தைக்கிறாள்.

எங்கள் வட்டார நூலகத்தில், குடியேறி வந்தவர்களுக்காக ஒரு கவிதை வாசிப்பு ஏற்பாடாகியிருந்தது. அவரவர் மொழியில் வாசிக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இருபது வரிக்கு மேல் கூடாது.

சமீரா தன் கவிதையை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். என்னிடம்தான் டைப்ரைட்டர் இருக்கிறதே!

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை வரி பிரிக்காமல் ஒரே பந்தி. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை...

"இது கவிதையா?"

"கவிதைதான். உரைநடையில் எழுதிய கவிதை."

அரபியில் இதற்கென்று தனிப் பெயரே இருக்கிறதாம். இருபது வருடமாகப் பெய்ரூட்டில் இதைப் பற்றி அடிபிடியாம். சந்தமும் இயைபும் இல்லாதது கவிதையே இல்லை என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லாமலும் கவிதை வரும் என்று மற்றக் கட்சி. சமீராவின் சித்தப்பா முதல் கட்சி. பழைய பாட்டுகள் நூற்றுக்கணக்கில் மனப்பாடம். ஒவ்வொரு வரியும் இரண்டு பாதியாகப் பிரிந்து, கடைசியில் ஒரே ஓசையில் வந்து முடிந்தால்தான் அவருக்குக் கவிதை. இவளுடையதைப் படித்துவிட்டு, "கடிதம் எழுதினால் தபாலில் போடு, மேடையில் வாசிக்காதே" என்றாராம்.

எங்கேயோ கேட்ட சண்டை மாதிரி இல்லை? நம்முடைய பத்திரிகைகளிலும் மரபுக்காரரும் புதுக்கவிதைக்காரரும் மாறி மாறித் திட்டிக்கொள்கிறார்களே! நான் புதுக்கவிதைக் கட்சி. சமீராவுக்கு உதவி செய்யாமல் இருப்பேனா?

எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன் — உடைத்தேன். ஒரு வரியில் நாலு சொல், அடுத்ததில் மூன்று. நடுநடுவே இடைவெளி. முடித்துவிட்டுப் பார்த்தால், பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் கவிதை! நேரே கொண்டுபோய் நூலகத்திலும் கொடுத்துவிட்டேன்.

நூலகப் பெண்மணி எண்ணினார். ஐம்பத்துநாலு வரி. "பாதிக்கு மேல் வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தார்.

செய்தி கேட்டு சமீரா எங்கள் குசினிக்கு வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"எந்தப் பிள்ளையை வெட்ட?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. நான் டைப் அடித்தேனே தவிர, வாசிக்கவில்லை. அது ஒரு வகுப்பின் இடாப்பு, காலையில் வரவு கூப்பிடும் பெயர்ப்பட்டியல். பள்ளிக்கூடம் மூடிய அன்று அவள் கூப்பிடாமல் விட்ட இடாப்பு. இருபத்தேழு பெயர்கள். நபீல், சப்பாத்து நாடா கட்டத் தெரியாதவன். மோனா, எட்டு எழுதச் சொன்னால் இரண்டு வட்டம் போட்டு ஒட்டிவிடுகிறவள்... யார் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே அவளுக்குத் தெரியாது.

"ஒருவரையும் விடமாட்டேன். நீங்கள் போட்ட இடைவெளியும் எனக்கு வேண்டாம்."

"வாசிக்க வசதியாக இருக்குமே என்றுதான்..."

"பெயரைச் சொல்லி நிறுத்தினால் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் நிறுத்தாமல் எழுதினேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மற்றாக்களின்ர எழுத்தில ஏனப்பா கை வைச்சனீங்கள்? அந்தப் பிள்ளை தந்த மாதிரியே அடிச்சுக் குடுங்கோ. இப்பவே!"

"ஓம், அடிக்கிறன்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே பந்தியாக அடித்தேன். சமீரா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். மறுநாள் அவளே நூலகத்துக்குக் கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். பெண்மணி பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினெட்டு வரி. "இப்போது சரி" என்றார். ஒரு பிள்ளையும் குறையவில்லை!

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் லெபனான்காரர். சித்தப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சமீரா அவரை நேரே பார்த்து அரபியில் தொடங்கினாள். எனக்குப் பெயர்கள் மட்டும்தான் விளங்கின. பாதியில் குரல் உடைந்தது. அதற்கும் அவள் நிற்கவில்லை.

ஆனால் எந்தப் பந்தியும் ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? கடைசிப் பெயரைச் சொன்னாள். தாளை மடித்தாள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அவள் பயந்தது இந்த அமைதிக்குத்தான்.

சித்தப்பா எழுந்து நின்றார். "ஹாதிர்" என்றார். பெயர் கூப்பிட்டதும் அங்கே பிள்ளைகள் எழுந்து சொல்வது அது — வந்திருக்கிறேன் என்று.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து அதையே சொன்னார். பிறகு இன்னொருவர். பிறகு எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாடிப்படியில் சித்தப்பாவைக் கண்டேன். "நல்ல கவிதை, இல்லையா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அது கவிதையே இல்லை" என்றார்.

சொல்லிவிட்டுப் போகட்டும்... முதல் ஆளாக எழுந்து நின்றவர் அவர்தானே!