மஜ்ஜையில் குறையில்லை

என் காலில் முதல் கருநீலத் திட்டைப் பார்த்தவள் பக்கத்து மெஷின்காரி. பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் தைக்கிறேன்; எங்காவது இடித்திருக்கும் என்றேன். ஒரே வாரத்தில் தோள், தொடை, வயிறு என்று திட்டுகள் பரவின. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. அவளும் என்னைப் போலவே சாமளாபுரத்துக்காரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அங்கே தறி ஓட்டும் என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார். பத்து வருடமாக என் கணவரை "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்றே பேசிவந்தவர், அன்று வாசலிலேயே அவர் சட்டையைப் பிடித்தார்.

"ஏண்டா, எந்தங்கச்சிய என்ன மாடுன்னு நெனச்சியா?"

"நான் தொடவே இல்லீங்க. அவளையே கேளுங்க."

அண்ணன் கேட்கவில்லை. அறைந்தார். கணவர் திருப்பித் தள்ளியதில் அண்ணனின் உதடு கிழிந்தது. நடுவில் போன என் மூக்கில் யார் கை பட்டதோ தெரியாது, ரத்தம் நிற்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனோம்.

ரத்தத்தில் தட்டணுக்கள் பத்தாயிரம்கூட இல்லை. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். மரத்துப்போக மருந்து போட்டும், உறிஞ்சிய அந்த நொடியில் கால் வரைக்கும் சுண்டி இழுத்தது.

முடிவு வந்த நாளில் அண்ணனும் கணவரும் வந்தார்கள், ஒருவர் தோற்பதை மற்றவர் பார்க்க. டாக்டரம்மா என்னைப் பார்த்தே பேசினார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜையில ரொம்பப் பெரிய செல்லுக சிலது இருக்குதுங்க. அதுக ரெண்டாப் பிரியாம வளந்துட்டே போகும். அப்புறம் பக்கத்து ரத்தக்குழாய்க்குள்ள நீளமா வாலு மாதிரி நீட்டும். அந்த வாலு துண்டு துண்டா அறுந்து ரத்தத்தோட போகும். அந்தத் துண்டுகதான் தட்டணு. காயம் பட்டா ஓடி வந்து அடைக்கிறது அதுகதான். உங்க மஜ்ஜையில குறையில்ல, பெரிய செல்லுக வேணுங்கிற அளவு இருக்குது. ஆனா வெளிய வர்ற துண்டுகள உங்க எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நெனச்சு அழிக்குதுங்க."

அண்ணன் குறுக்கிட்டார். "அடிச்சா இப்படித் திட்டுத் திட்டா வருமுங்களா?"

"இவங்களுக்கு அடியே வேண்டாமுங்க. தானா வரும்."

கணவர் எழுந்து நின்றார். "கேட்டீங்களா? இப்ப மன்னிப்புக் கேளுங்க."

"அப்ப நீயி எந்தங்கச்சிய அடிச்சதே இல்லியா?"

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அடிச்சிருக்காருங்ண்ணா. கல்யாணமான மறுவருசம். ரெண்டு நாளுக்குக் காது கேக்கல. உங்ககிட்டத்தான் வந்து அழுதேன். அனுசரிச்சுப் போ கண்ணுன்னு பஸ் ஏத்தி வுட்டீங்க. இவரு சட்டைய அன்னைக்கில்ல புடிச்சிருக்கோணும்?"

இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன். போனார்கள். மாத்திரைகளைப் பற்றி நானே கேட்டுக்கொண்டேன்.

ஸ்டீராய்டில் முகம் ஊதியது, தூக்கம் போனது. தட்டணுக்களும் மெல்ல ஏறின. "நானும் வரட்டுமா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். பரிசோதனைக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறேன்.

தீபாவளிக்கு அண்ணன் சீர்த்தட்டோடு வந்தார். கதவைத் திறந்தேன். உட்காரச் சொல்லவில்லை.